சேரியிலிருந்து கேம்பிரிட்ஜ் எவ்வளவு தூரம்?

சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு ஒரு மாணவி தன் தந்தையோடு வந்திருந்தார். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம். தந்தைக்கு வயல் வேலை. வயலில் வேலை இல்லாத நாட்களில் கட்டட வேலை. மகள் அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் படித்து முதல் வகுப்பில் தேறியவர். அவருக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று முதுகலைப் படிப்பில் இடம் தந்திருந்தது. அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடும் சாதிச் சான்றிதழோடும் சேர்த்து எடுத்து வந்திருந்தார்கள்.

சிக்கல் இதுதான். குறிப்பிட்ட நாளுக்குள் முன்பணம் கட்டினால்தான் இடம் உறுதியாகும். நம் ஊர்க் கணக்கில் அது சில லட்ச ரூபாய். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமே என்றால், நிபந்தனை இல்லாத சேர்க்கைக் கடிதம் வேண்டும் என்கிறது விதி. அந்தக் கடிதம் வர முன்பணம் கட்ட வேண்டும். முன்பணம் கட்ட உதவித்தொகை வர வேண்டும். தந்தை கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சார், இதுல எது முன்னாடி, எது பின்னாடி?”

நம்மிடம் பதில் இல்லை. இரண்டு அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஓரிடத்தில் சென்னையில் கேட்கச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தத் தேதி கடந்துவிட்டது. மாணவி இப்போது பட்டுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார்.

வெளிநாடு என்பது டெல்டாவின் தலித் மக்களுக்குப் புதிய சொல் அல்ல. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல்களில் மேல்தளத்தில் மூட்டையோடு உட்கார்ந்து போனவர்களில் பெரும் பகுதியினர் நம் மக்கள்தான். கங்காணி ஆள் பிடித்தார். மலேயாவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கினார். 1938-ல் அந்த வகை ஆள் சேர்ப்பை இந்திய அரசு நிறுத்தும் வரை அது நடந்தது. பிற்பாடு வளைகுடா வந்தது, சிங்கப்பூர்க் கட்டட வேலை வந்தது. பாஸ்போர்ட் இல்லாத தெருவே இன்று நம் பகுதியில் அரிது. ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டில் குத்தப்பட்ட விசா ஏறக்குறைய எப்போதும் வேலை விசாதான். படிப்பு விசா ஒட்டிய பாஸ்போர்ட் ஒரு தெருவில் ஒன்று இருந்தாலே ஊர் முழுக்கப் பேச்சு.

இதே மண்ணிலிருந்து வேறு மாதிரிப் போனவர்களும் உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கே 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தவர் ராமானுஜன். ஆங்கிலக் கட்டுரையில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். பட்டமும் பெறவில்லை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தவருக்கு, பட்டம் இல்லை என்பதையும் ஒதுக்கிவைத்து, 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்திருந்த கணித அறிஞர் நெவில், அவரை இங்கிலாந்து அனுப்ப வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கப்பட்டது. மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறிவிட்டார். ஒரு வழக்கம் மாற, ஒரு விதி வளைய, நிதி ஒதுக்க, துணிமணி தைக்க, எல்லாமே சில வாரங்களில் நடந்து முடிந்தன.

இதில் நமக்குப் பொறாமை ஏதும் இல்லை. அந்த மூளைக்கு அது நடந்திருக்கத்தான் வேண்டும். நாம் கவனிப்பது வேறு. ஆங்கிலத்தில் தவறிய ஒரு பையனுக்காக நாலு பெரிய மனிதர்கள் பேசினார்கள், கடிதம் எழுதினார்கள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். அந்த நாலு பேர் அக்ரகாரத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள். சேரிக்கு எட்டும் தூரத்தில் அன்று யாரும் இல்லை. இன்று யார் இருக்கிறார்கள்?

ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு முந்தைய ஆண்டுதான் அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை, கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கிருந்து லண்டன் போய்ப் படித்துக்கொண்டிருக்கும்போதே 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்துபோக, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் குடியிருக்க ஓர் அறை கிடைக்காத அவமானத்தையும் அப்போதுதான் அனுபவித்தார். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேமித்து, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் பெற்று, 1920-ல் மறுபடி லண்டன் போய்த்தான் படிப்பை முடித்தார். பணம் பாதி வழியில் நின்றால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பில் அறிந்தவர் அவர். பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்கு அரசுப் பணம் வேண்டும் என்று வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் அவர் விடாமல் வாதாடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இன்றும் நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-ல் தொடங்கியது.

வெளிநாட்டுப் படிப்புக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் பழைய திட்டம்தான். 1954-55 முதல் இருக்கிறது. இன்று நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடம். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. மீதி சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோருக்கு. முப்பது சதவீதம் பெண்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வயது 35-க்குள். தகுதிப் படிப்பில் 60 சதவீத மதிப்பெண். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் நிறுவனத்தில் இடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 இடம் இருந்த காலத்தில் பல ஆண்டுகள் அந்த நூறும் நிரம்பவில்லை. நிரம்பத் தொடங்கியபோது வேறு கதை. 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிகக் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று அமைச்சகம் சொன்னதை நாடே பார்த்தது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பிள்ளை ஜூலையில் இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு எந்த வங்கியில் போய் நிற்கும்?

இதைவிட நம்மை உறுத்துவது 2022-ல் அந்த விதிகளில் நுழைந்த ஒரு வரி. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளில் படிக்க இந்தப் பணம் கிடையாது என்கிறது அது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வளம் இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம்.

தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காரணம் வேடிக்கையாக இருக்கும். கேத்லீன் கஃப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1950-களின் தொடக்கத்தில் இங்கே வந்து, நம் கிராமங்களில் தங்கி, பண்ணையாள் முறையை, கூலியை, அக்ரகாரத்துக்கும் சேரிக்கும் இடையே இருந்த உறவை எழுதினார். அவருடைய பெரிய புத்தகம் 1981-ல் கேம்பிரிட்ஜிலேயே அச்சானது. ஆந்த்ரே பெத்தெய் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து 1965-ல் வெளியிட்ட புத்தகம் இன்றும் உலகின் சமூகவியல் வகுப்புகளில் பாடம். அவர் அக்ரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தவர். அதனால் சேரிக்குள் தன்னால் அதிகம் புழங்க முடியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மார்ஷல் பௌட்டன் என்ற அமெரிக்கர் தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் இயக்கங்களை ஆராய்ந்து எழுதியதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1985-ல் வெளியிட்டது. இவர்கள் நேர்மையான ஆய்வாளர்கள். அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் பல உண்மைகள் மறைந்தே போயிருக்கும். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் நம் தெருவை ஆராய வெளிநாட்டார் வரலாம், அந்தத் தெருவில் பிறந்த பெண் அதே கேம்பிரிட்ஜுக்குப் போய்த் தன் தெருவைப் பற்றி எழுத அரசு பணம் தராது என்றால், இது யாருடைய வசதிக்கான விதி? 1952-ன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதையும் பாட்டியின் வாயால் கேட்டு வளர்ந்த ஒருத்தி எழுதக்கூடிய ஆய்வை வேறு யார் எழுத முடியும்? அந்த வரியை நீக்க வேண்டும். நம் மக்களவை உறுப்பினர்கள் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டும்.

மாநில அரசின் நிலை இதைவிட மேல். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் உள்ள அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தொகை தாராளம்தான். ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், ஜிஆர்இ தேர்வுகளுக்குத் தாட்கோ பயிற்சி தருகிறது. மாதிரிப் பள்ளிகளில் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போவதையும் பார்க்கிறோம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் டெல்டாவின் அரசு கலைக் கல்லூரிகளில் இரண்டாம் சுழற்சியில் பி.ஏ., பி.காம். படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் திட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. நாம் சந்தித்த மாணவி இதை ஒரு யூடியூப் காணொளியில்தான் தெரிந்துகொண்டாராம்.

‘மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை, நீங்கள் கேம்பிரிட்ஜைப் பற்றிப் பேசுகிறீர்கள்’ என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அசர் அமைப்பின் 2024 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். 2022-ல் அது ஐந்துக்கும் கீழே இருந்தது. அந்தக் கணக்கின் முறையை மாநில அரசு ஏற்பதில்லை; அந்த வாதம் இருக்கட்டும். சேரிக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளிக்குப் போய் ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தால் நிலை யாருக்கும் புரியும். இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 70 சதவீதம் பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2022-ல் உலக வங்கி மதிப்பிட்டது. நம்மைப் போன்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பது ஆறுதல் அல்ல.

ஆனால் அடிப்படை வேறு, வெளிநாடு வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நாம் மாறுபடுகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரிடம் என்ன கேட்கிறது? நாற்பது பக்கத்தைப் படித்துவிட்டு உன் கருத்தைச் சொல் என்கிறது. ஏன் இந்தப் படிப்பு, நீ யார், என்ன செய்யப் போகிறாய் என்று இரண்டு பக்கம் எழுது என்கிறது. நம் பள்ளி என்ன பழக்கியிருக்கிறது? முக்கிய வினாக்கள், கைடு, ஐந்து மதிப்பெண் விடை. எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தால் முழு மதிப்பெண். வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர். மூன்றாம் வகுப்பில் படித்துப் புரிந்துகொள்ளாமல் விட்டதும், இருபத்திரண்டு வயதில் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுத முடியாமல் திணறுவதும் ஒரே நோய்தான். அந்த மாணவி எழுதிய நோக்க அறிக்கையின் முதல் பிரதியை நமக்குக் காட்டினார். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை அப்படியே எடுத்திருந்தார்; சிறு வயது முதலே பொருளியலில் தீராத ஆர்வம் என்று இருந்தது. இரண்டாம் பிரதியில், இயந்திர நடவும் அறுவடை இயந்திரமும் வந்தபின் தன் தாய்க்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை குறைந்தது என்று வீட்டுக் கணக்கு நோட்டை வைத்து எழுதியிருந்தார். இடம் கிடைத்தது இரண்டாம் பிரதிக்கு. அப்படி எழுதலாம் என்று அவருக்குச் சொன்னவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். அந்த விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதத்தை ஏற்கவே முதலில் பல்கலைக்கழகம் தயங்கியது என்பது தனிக் கதை. கல்லூரி பெயரில் அவருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. ஜிமெயில் போதாது என்றார்கள்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மாநிலத்தில் 1,100-க்கும் மேற்பட்டவை. 1920-களில் மதராஸ் அரசின் தொழிலாளர் துறை சேரிகளில் திறந்த பள்ளிகளின் வழி வந்தவை பல. மற்ற பள்ளிகள் நம் பிள்ளைகளைத் திண்ணையில்கூட உட்கார விடாத காலத்தில் இவை இருந்தன. 2023 பட்ஜெட்டில் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள், எதிர்ப்பு எழுந்தது. எந்தத் துறையின் கீழ் இருக்க வேண்டும் என்பதில் நம் அமைப்புகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. காலியிடத்தை நிரப்பாத துறை எதுவாக இருந்தாலும் பிள்ளைக்கு ஒன்றுதான் என்பது நம் கருத்து. 2025 ஜூலையில் விடுதிகள் எல்லாம் சமூகநீதி விடுதிகள் ஆயின. பெயர்ப் பலகை மாறியது நல்லது. சாதிப் பெயரைச் சுமந்த பலகையின் கீழ் நுழையும் கூச்சம் நமக்குத் தெரியும். இனி அதே விடுதியில் மாலை ஏழு மணிக்கு ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தியை எழுதிக் காட்ட ஒருவர் இருக்க வேண்டும்.

அரசு வழியில் ஆள் இல்லாத இடத்தைக் கன்சல்டன்சிகள் நிரப்புகின்றன. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் போர்டுகள் பெருகிவிட்டன. உதவித்தொகைக்குத் தகுதியான பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் இவர்களில் பலருக்குக் கமிஷன் கிடையாது. ஆகவே தரவரிசையில் இல்லாத தனியார் கல்லூரிகளைக் காட்டுகிறார்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் போகிறவர்கள் உண்டு. கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தபோது, இப்படிப் போகத் தயாரானவர்கள்தான் முதலில் தவித்தார்கள்.

நாம் கேட்பது பெரிய செலவு அல்ல. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேசை, அதில் விவரம் தெரிந்த ஒருவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்குக்கும் சேர்த்து ஒருவர் என்றாலும் சரி, வாரத்தில் ஒரு நாள் கல்லூரிக்குப் போய் உட்காரட்டும். இரண்டாம் ஆண்டில் பாஸ்போர்ட், இறுதியாண்டில் ஆங்கிலத் தேர்வு என்று நாள் குறித்துச் சொல்லட்டும். ஐஇஎல்டிஎஸ் எழுதவே பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதை முதலில் அரசு கட்டட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக முன்பணம். தாட்கோவில் ஒரு சுழல்நிதி வைத்து, இடம் கிடைத்தவருக்கு முன்பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்பிவிட்டு, உதவித்தொகை வந்ததும் கழித்துக்கொள்ளலாம். உதவித்தொகை வராவிட்டால் என்ன செய்வது என்று அதிகாரிகள் கேட்பார்கள். நெல் கொள்முதலிலும் பயிர்க் கடனிலும் இதைவிடப் பெரிய ஆபத்தைத்தான் அரசு ஆண்டுதோறும் தாங்கிக்கொள்கிறது.

போனவர்கள் திரும்பி வருவதில்லை என்ற பேச்சும் நம் தெருக்களில் இருக்கிறது. சிலர் வருவதில்லை, உண்மை. படித்துப் போய் மேலே நின்றவர்கள் கீழே கை நீட்டாதது வெளிநாடு போகாதவர்களிடமும் உள்ள குறைதான். அதனால் ஒரு பெண்ணின் முன்பணத்தை நிறுத்துவதில் அர்த்தம் இல்லை.

அந்த மாணவி அடுத்த சேர்க்கைக்கு மறுபடி விண்ணப்பிக்கிறார். இந்த முறை இரண்டு பல்கலைக்கழகங்கள். இரண்டுமே முதல் 500-க்குள் வருபவை, ஒன்று முன்பணம் கேட்காதது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி உள்ள ஒரு பேராசிரியர் பரிந்துரை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய, அல்லது இப்போது படித்துக்கொண்டிருக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் முன்பணம் கேட்டது, எது தள்ளுபடி செய்தது, சான்றிதழுக்கு எத்தனை நாள் அலைந்தீர்கள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் வேலை நடந்தது என்பதை எழுதினால் போதும். அப்படியே வெளியிடுகிறோம்.